குறிஞ்சா இலையும் நான் சொல்லாமல் விட்ட தேத்தண்ணியும்

இந்தக் கதையை இருபது வருடத்துக்கு மேலாக எழுதாமல் வைத்திருந்தேன். எழுதினால் என்னைப் பற்றி நல்லதாக ஒன்றும் வராது என்பதுதான் காரணம். போன கிழமை மாஸ்ரர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுக்கு நடுவில், "தம்பி, எங்கட கதையை எழுதுமன். நாலு சனத்துக்குப் பிரயோசனப்படும்" என்று அவரே சொல்லிவிட்டார். காயப்பட்டவரே சொன்னபிறகு எனக்கென்ன வெட்கம். எழுதுகிறேன்.

முதலில் அம்மாவிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் வீடு வலிகாமத்தில். அம்மாவுக்குச் சீனி வருத்தம். முதலில் குளிசை, 1989 இல் ஊசிக்கு மாற்றினார்கள். அடுத்த வருடம் ஆனியில் சண்டை திரும்பத் தொடங்கியது. கரண்ட் போனது. பொருளாதாரத் தடை வந்தது. இன்சுலின் குளிரில் இருக்க வேண்டிய சாமான். குளிர்ப்பெட்டி இல்லாத ஊரில் அம்மா ஒரு மண்முட்டிக்குள் மணலைப் போட்டு, தண்ணி தெளித்து, அதற்குள் மருந்துப் போத்தலைப் பொலித்தீன் பையில் சுற்றிப் புதைத்து வைப்பா. அதுவும் போத்தல் கிடைத்தால்தான். கிடைக்காத மாதங்களில் குரக்கன் பிட்டும் குறிஞ்சா இலை வறையும். குறிஞ்சா வேலியில் படர்ந்து கிடந்தது. அதற்குத் தடை போட ஒருவராலும் முடியவில்லை.

1991 இல் நான் வெளிக்கிட்டு ஜேர்மனிக்கு வந்துவிட்டேன். அம்மாவின் கடிதங்கள் கொழும்பு சுற்றி இரண்டு மூன்று மாதத்தில் வந்து சேரும். எல்லாக் கடிதத்திலும் ஒரு வரி தவறாமல் இருக்கும். "குறிஞ்சா சாப்பிடுறன். வருத்தம் கட்டுப்பாட்டில இருக்கு. நீ யோசிக்காதை." நானும் யோசிக்கவில்லை. 1995 ஐப்பசி 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுக்க எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தபோது அம்மாவும் நடந்தா. அதற்குப் பிறகு வந்த கடிதத்திலும் அதே வரி. 1997 இல் அம்மா செத்துப்போனா. என்னால் போக முடியவில்லை. போக முடியாதவர்கள் என்ன செய்வோமோ அதைத்தான் நானும் செய்தேன். படத்துக்கு மாலை போட்டேன், ஒரு கிழமை லீவு எடுத்தேன், பிறகு வேலைக்குப் போனேன்.

1999 இல் எனக்குப் பல்கலைக்கழகம் ஒன்றின் மருந்தியல் பிரிவில் வேலை கிடைத்தது. விஞ்ஞானி வேலை இல்லை, கண்ணாடிச் சாமான் கழுவுகிற வேலை! அதற்கு முதல் றெஸ்ரோறன்ரில் கோப்பை கழுவினேன், பிறகு குடுவை கழுவினேன். சம்பளம் கொஞ்சம் கூட, சனி ஞாயிறு லீவு.

அங்கேதான் இலைகளைச் சோதிக்கிற வேலையை முதல்முதல் கண்டேன். உலகத்தின் எந்தெந்த மூலையில் இருந்தோ காய்ந்த இலைகள் கடதாசிப் பைகளில் வரும். அதைத் தூளாக்கி மெதனோலில் ஊறவைப்பார்கள். வடித்து எடுத்த பச்சைத் தண்ணியைச் சுழலும் உருண்டைக் குடுவையில் விட்டு, காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, நாற்பது பாகை வெப்பத்திலேயே மெதனோலை ஆவியாக்கிவிடுவார்கள். கடைசியில் அடியில் கரும்பச்சையாகப் பிசின் மாதிரி ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் சாறு. அவர்களுக்கு அது ஆராய்ச்சி. எனக்கு அது கழுவ முடியாத அழுக்கு. பால் அடிப்பிடித்த சட்டியைக் கழுவிவிடலாம், இலைப்பிசின் பிடித்த குடுவையை அசெற்றோன் இல்லாமல் கழுவ ஏலாது.

முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு ஜேர்மன் பெண்பிள்ளை என்னோடு நன்றாகக் கதைப்பாள். அவள் சோதித்தது நீரிழிவுக்கு உதவக்கூடிய இலைகளை. ஒருநாள் பெருமையாகச் சொன்னேன், எங்கள் ஊரில் ஒரு இலை இருக்கிறது, என்னுடைய அம்மா அதைச் சாப்பிட்டுத்தான் ஏழு வருடம் இருந்தவா என்று. "கொண்டு வா பார்ப்போம்" என்றாள்.

சமாதான காலத்தில் ஏ9 பாதை திறந்திருந்தபோது, 2003 இல் மச்சாள் ஊருக்குப் போனாள். சித்தி நிழலில் உலர்த்திய குறிஞ்சா இலையை ஒரு பை கட்டிக் கொடுத்துவிட்டா. அதை லாப்புக்குக் கொண்டுபோனேன்.

அவள் கேட்ட முதல் கேள்வியிலேயே நான் விழுந்துவிட்டேன். "இது என்ன செடி?"

"குறிஞ்சா."

"அது பெயர். செடி எது?"

தேடிப் பார்த்தால் எங்களிடம் இரண்டு குறிஞ்சா இருக்கிறது. வேலியில் படர்ந்து, நாங்கள் வறை வறுக்கிற பெரிய இலைக் குறிஞ்சா ஒன்று. சிங்களச் சனம் அங்குண என்று சொல்வது அதைத்தான். மற்றது சிறுகுறிஞ்சா. தமிழ்நாட்டில் சர்க்கரைக்கொல்லி என்பார்கள். இரண்டும் ஒரே குடும்பத்துக் கொடிகள், ஆனால் வேறு வேறு செடிகள். பூவோடு ஒரு கொப்பு இருந்தால் தாவரவியல்காரர் உடனே சொல்லிவிடுவார்கள். என்னிடம் இருந்ததோ நொறுங்கின இலை.

சிறுகுறிஞ்சாவைக் கண்டுபிடிக்க நாக்கே போதும். லாப்புக்குள் வாயில் ஒன்றும் வைக்கக்கூடாது, அதனால் இரண்டு பேரும் வெளிப்படிக்கட்டில் போய் இருந்தோம். இலையைச் சப்பித் துப்பிவிட்டு ஒரு சீனிக்கட்டியை வாயில் போட்டோம். இனிப்பே இல்லை. மணலை வாயில் போட்ட மாதிரி. அவள் சிரித்த சிரிப்பு இன்றைக்கும் ஞாபகம். இலையில் உள்ள ஜிம்னமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் இடத்தில் போய் இருந்துகொள்கின்றன. அரை மணித்தியாலம் போல அப்படி இருக்கும், பிறகு சரியாகிவிடும். 1887 இலேயே டேவிட் ஹூப்பர் என்ற வெள்ளைக்காரர் இந்த இலையை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அப்போ சித்தி அனுப்பியது சிறுகுறிஞ்சா. அம்மா வறுத்தது பெரும்பாலும் மற்றது. அந்த இடத்திலேயே நான் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், தன்னுடைய வேலை முடிந்தபிறகு, அவள் என் இலையையும் சோதித்தாள். நாங்கள் சாப்பிடுகிற மாச்சத்தையும் சீனியையும் குடலில் குளுக்கோஸாக உடைக்கிற ஒரு நொதி இருக்கிறது. அதைத் தடுத்தால் சாப்பிட்ட உடனே இரத்தத்தில் சீனி கிடுகிடு என்று ஏறாது. ஜேர்மனியில் 1990 இலிருந்து விற்கிற அக்கார்போஸ் என்ற மருந்து வேலை செய்வது இப்படித்தான். சோதனையில் தொண்ணூற்றாறு சின்னக் குழி உள்ள ஒரு பிளாஸ்ரிக் தட்டில் நொதியை விடுவார்கள், சாற்றை விடுவார்கள், பிறகு நொதி உடைத்தால் மஞ்சளாக மாறுகிற ஒரு பொருளை விடுவார்கள். குழி மஞ்சளானால் நொதி வேலை செய்கிறது. மஞ்சள் குறைந்தால் சாறு தடுக்கிறது. பக்கத்துக் குழிகளில் ஒப்பிட்டுப் பார்க்க அக்கார்போஸ்.

என் குறிஞ்சாவின் குழிகள் வெளிறிப்போய் நின்றன. எழுபது வீதம் தடுத்திருந்தது. அதே அளவு அக்கார்போஸ் விட்ட குழிகள் நல்ல மஞ்சள்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஜேர்மன் மருந்தை எங்கள் வேலிக்கொடி வென்றுவிட்டது. அம்மாவின் கடிதத்து வரி உண்மை என்று ஒரு மெசின் சொல்லிவிட்டது.

அவள் என்னுடைய முகத்தைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் என்னுடைய பிளாஸ்கை எடுத்து, அதில் இருந்த வெறும் தேத்தண்ணியை ஒரு சொட்டு எடுத்து, அதே மாதிரி அடுத்த வரிசையில் விட்டாள். கொஞ்ச நேரத்தில் அந்த வரிசை குறிஞ்சாவை விட வெளிறி நின்றது.

"உன்னுடைய தேத்தண்ணியும் ஜேர்மன் மருந்தை வென்றுவிட்டது" என்றாள்.

பிறகு இருத்திவைத்து விளங்கப்படுத்தினாள். இலைகளிலும் தேயிலையிலும் துவர்ப்புச் சத்து இருக்கிறது. அது கண்ட கண்ட புரதத்தில் எல்லாம் போய் ஒட்டும், நொதியும் புரதம்தான், அதனால் நின்றுவிடும். அதோடு இந்தத் தட்டில் விட்ட நொதி ஈஸ்ற்றிலிருந்து எடுத்தது. மனிதக் குடலில் இருப்பது வேறு. அக்கார்போஸ் குடல் நொதியை நன்றாகப் பிடிக்கும், ஈஸ்ற் நொதியைப் பெரிதாகப் பிடிக்காது. அதனால் இந்தத் தட்டில் அக்கார்போஸை வெல்வது பெரிய வேலை இல்லை. "சவர்க்காரத் தண்ணி விட்டாலும் நொதி நிற்கும். அதைக் குடிப்பாயா? இது முதல் படி. எந்தப் பொருள் தடுக்கிறது, அது குடலில் போய்ச் சேருமா, எவ்வளவு வேண்டும், ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் என்ன செய்யும், கடைசியில் மனிதரில் வேலை செய்யுமா என்று இன்னும் எத்தனையோ படி இருக்கு. அநேகமான இலைகள் இடையிலேயே விழுந்துவிடும்."

எல்லாம் விளங்கியது. விளங்கவில்லை என்று இன்றைக்குச் சாட்டுச் சொல்ல மாட்டேன்.

அடுத்த நாள் சனிக்கிழமை. பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அப்பாமார் பின்னுக்கு நின்று கதைக்கிற இடத்தில் சொன்னேன். "எங்கட குறிஞ்சா லாப்பில எழுபது வீதம் தடுத்துப் போட்டுது. இவங்கட அக்கார்போஸ் கிட்டவும் வரேல்லை." எல்லாரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். கோப்பை கழுவ வந்தவன் என்று நினைத்தவர்கள்கூட அன்றைக்கு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊரை விட்டு வந்த சனம் நாங்கள். எங்களுடையது ஏதோ ஒன்று எங்கேயோ வென்றது என்று கேட்க எவ்வளவு ஆசை! தேத்தண்ணிக் கதையை நான் சொல்லவில்லை. அதைச் சொன்னால் கதையே இல்லை.

கேட்டவர்களில் மாஸ்ரரும் ஒருவர். ஊரில் கணக்குப் படிப்பித்தவர். இங்கே ஒரு கன்ரீன் குசினியில் வேலை. ஒரு நாளைக்கு இரண்டு தரம் இன்சுலின் போடுவார். வயிற்றில் ஊசி குத்துவதை விட, வேலைத்தலத்தில் ஒளித்துப் போய்க் குத்துவதுதான் அவருக்குக் கரைச்சலாக இருந்தது. என்னிடம் இரண்டு தரம் கேட்டார், "உண்மையா தம்பி? நீர் கண்ணால கண்டனீரோ?"

"கண்ணால கண்டனான் மாஸ்ரர்."

அவர் ஊரிலிருந்து குறிஞ்சாத் தூள் எடுப்பித்தார். ஊசியை விட்டார். மனிசிக்கும் சொல்லவில்லை, டொக்ரருக்கும் சொல்லவில்லை. ஆறாவது கிழமை குசினியில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சீனி அளந்தபோது ஐந்நூற்று எண்பது. சப்பாத்து கடித்த சின்னப் புண் ஒன்று வலது காலில் பழுத்திருந்தது. இரண்டு விரலை எடுத்தார்கள்.

பார்க்கப் போனேன். கோபிக்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டு, "நீர்தானே சொன்னனீர்" என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான். பேசியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அன்றைக்கு இரவு சித்திக்குப் போன் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று தெரியாது. அம்மா உண்மையில் குறிஞ்சாவோடு நல்லாய்த்தான் இருந்தவாவா என்று கேட்டேன். சித்தி கன நேரம் கதைக்கவில்லை. பிறகு சொன்னா. இடம்பெயர்ந்து நடந்தபோது குதிக்காலில் வந்த புண் அம்மாவுக்குக் கடைசிவரை ஆறவில்லையாம். கடைசி ஒரு வருடம் கண்ணும் தெரியவில்லையாம். "கடைசிக் கடிதம் எல்லாம் நான்தான் எழுதினது ராசா. கொக்கா சொல்லச் சொல்ல எழுதினனான். குறிஞ்சா எண்ட வரியை மறக்காமல் எழுதச் சொல்லுவா. நீ அங்க தனிய இருந்து யோசிப்பாய் எண்டு."

எழுத்து மாறியிருந்ததை நான் கவனித்துத்தான் இருந்தேன். வயது போனால் எழுத்து மாறும் என்று நினைத்தேன்.

அம்மா குறிஞ்சா சாப்பிட்டது அது மருந்து என்பதால் இல்லை. மருந்து இல்லை என்பதால். அந்த வரி என்னைத் தேற்ற எழுதினது. அதை நான் ஆதாரமாக எடுத்து, லாப்பில் கிடைத்த முதலாவது இலக்கத்தால் அதற்கு முத்திரை குத்தி, தேத்தண்ணியை மறைத்து, இன்சுலின் தாராளமாகக் கிடைக்கிற நாட்டில் இருக்கிற ஒரு மனிதரிடம் விற்றுவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் நான் ஒழுங்காக வாசிக்கத் தொடங்கினேன். இலையை இழிவுபடுத்த இதை எழுதவில்லை. கேளுங்கள்.

1990 இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள் சிறுகுறிஞ்சாச் சாற்றை மனிதரிலேயே சோதித்து வெளியிட்டார்கள். குளிசை எடுத்துக்கொண்டிருந்த 22 நோயாளிகளுக்கு நாளுக்கு 400 மில்லிகிராம், ஒன்றரை வருடத்துக்கு மேல். சீனி குறைந்தது. ஐந்து பேர் குளிசையை நிறுத்தக்கூடியதாக இருந்தது. இன்சுலின் போடுகிற 27 பேருக்கும் கொடுத்தார்கள், அவர்களுக்கு இன்சுலின் தேவை குறைந்தது. குறைந்தது என்றுதான் எழுதியிருக்கிறார்கள், இல்லாமல் போனது என்று எழுதவில்லை. எல்லாரும் மருந்தோடு சேர்த்துத்தான் எடுத்தார்கள், டொக்ரர்மார் அளந்து அளந்து குறைத்தார்கள். சீட்டுக் குலுக்கிப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பொய்க் குளிசை கொடுத்து ஒப்பிட்ட சோதனையும் அல்ல அது. நம்பிக்கை தருகிற தொடக்கம், முடிவு இல்லை. 2010 இல் இதே இலைத் தயாரிப்பை எடுத்த ஒரு நீரிழிவு நோயாளிக்கு ஈரல் அழற்சி வந்ததாக மருத்துவ சஞ்சிகை ஒன்றில் பதிவும் இருக்கிறது. இலை என்றால் தீங்கு செய்யாது என்று ஒரு சட்டமும் இல்லை.

வெள்ளைக்காரரின் இலைக்கும் இதே சட்டம்தான். இங்கே ஞாபகசக்திக்கு என்று சனம் வாங்கி விழுங்குகிற ஜிங்கோ இலைச் சாற்றை அமெரிக்காவில் 75 வயதுக்கு மேற்பட்டோர் உட்பட 3,069 முதியவர்களில் வருடக்கணக்காகச் சோதித்தார்கள். மறதி நோயைத் தடுக்கவில்லை என்று 2008 இல் முடிவு வந்தது.

வென்ற இலையும் இருக்கிறது. சீனத்தில் தூ யூயூ அம்மையார் மலேரியாவுக்கு ஒரு செடியைச் சோதித்தபோது முதலில் சரிவரவில்லை. பழைய மருத்துவச் சுவடி ஒன்றில் செடியைத் தண்ணியில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது, காய்ச்சச் சொல்லவில்லை. சூடுதான் மருந்தைக் கெடுக்கிறது என்று பிடித்துக்கொண்டு, 1971 இல் குறைந்த வெப்பத்தில் சாறு எடுத்தார். பிறகு தானே முதலில் குடித்துப் பார்த்தார். 2015 இல் நோபல் பரிசு. கிழவிகளின் கைப்பாகத்தைக் கவனமாகக் கேட்பதும் சோதனையின் ஒரு பகுதிதான் என்று எனக்கு விளங்கியது அதை வாசித்துத்தான்.

இன்னுமொன்று. எங்களில் பாதிப் பேர் விழுங்குகிற மெற்போமின் குளிசையின் பூர்வீகமும் ஒரு செடிதான். ஐரோப்பாவில் கலேகா என்று ஒரு செடி, நாட்டு வைத்தியத்தில் இருந்தது. அதில் உள்ள பொருள் சீனியைக் குறைத்தது, ஆனால் நஞ்சு. அதற்கு உறவான ஒரு இரசாயனத்தை 1922 இல் டப்ளினில் செய்தார்கள். அதை நீரிழிவுக்காரருக்குக் கொடுத்து ஜோன் ஸ்ரேர்ன் என்ற பிரெஞ்சு டொக்ரர் எழுதியது 1957 இல். முப்பத்தைந்து வருடம். நான் ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரத்தில் முடித்த வேலை அது!

மாஸ்ரர் இரண்டு வருடம் என்னோடு கதைக்கவில்லை. பிறகு ஒரு கலியாண வீட்டில் நானே போய்ப் பக்கத்தில் இருந்து, தேத்தண்ணிக் கதையை முழுக்கச் சொன்னேன். கேட்டுவிட்டுக் கணக்கு வாத்தியார் மாதிரியே சொன்னார். "நீர் எனக்கு விடையை மட்டும் சொல்லியிருக்கிறீர். செய்கையைக் காட்டேல்லை. செய்கை காட்டாத கணக்குக்கு நான் ஒருநாளும் புள்ளி போட்டதில்லை. அண்டைக்கு மட்டும் போட்டுட்டன்."

யாராவது உங்களிடம் "இந்த இலை லாப்பில் நிரூபிக்கப்பட்டது" என்று சொன்னால் செய்கையைக் கேளுங்கள். எந்தச் செடி? தட்டிலா, எலியிலா, மனிதரிலா? பக்கத்துக் குழியில் என்ன விட்டார்கள்? இலையை வறையாகச் சாப்பிடுங்கள், ஒருவரும் தடுக்கவில்லை. தூளாக, குளிசையாக எடுப்பதென்றால் டொக்ரருக்குச் சொல்லிவிட்டு எடுங்கள், மருந்தோடு சேர்ந்து சீனியை அளவுக்கு மிஞ்சி இறக்கவும் கூடும். ஊசியை மட்டும் ஒரு நாளும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அது கிடைக்காமல் செத்த சனத்தின் பிள்ளைகள் நாங்கள்.

போன கிழமை மாஸ்ரர் வீட்டு மேசையில் குறிஞ்சா வறை இருந்தது. இப்போது இங்கே தமிழ்க் கடையிலேயே பச்சையாக வாங்கலாம். மாஸ்ரருக்கு எண்பது தாண்டிவிட்டது. சாப்பிட முதல் எல்லாருக்கும் முன்னால் சேட்டை உயர்த்தி ஊசியைப் போட்டார். இப்போது ஒளிப்பதில்லை. பிறகு வறையைத் தன் கோப்பையில் போட்டுக்கொண்டு, எனக்கும் ஒரு கரண்டி போட்டார்.

"சாப்பிடும். நல்ல கறி" என்றார்.